காப்புக் கட்டிய வாரத்தில் ஆடிட்டு

நாங்கள் தைத்த சட்டைகளின் பக்கத் தையலில், உள்பக்கமாக, ஒரு லேபிள் வரும். இரண்டு விரல் அகலம் இருந்தால் அதிகம். அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னக் கட்டம். எந்த நாட்டிலோ அந்தச் சட்டையை வாங்குகிறவர் போனை அதற்கு நேரே பிடித்தால், பஞ்சு எந்தக் காட்டில் விளைந்தது, நூல் எந்த மில்லில் ஓடியது, துணிக்கு எங்கே சாயம் ஏற்றினார்கள், சட்டையை எங்கே தைத்தார்கள் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒளிவு மறைவே கிடையாதாம். அந்த லேபிளை வைத்துத் தைக்கிற வேலை என்னுடையது.

ஒருநாள் ஒரு லேபிள் என் சேலையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது. என் மகள் உத்தமபாளையத்தில் காலேஜ் படிக்கிறாள். அதைப் பார்த்ததும் போனை நீட்டினாள். எல்லாம் வந்தது. வடக்கே எங்கோ ஒரு பருத்திக் காடு, ஒரு மில், ஒரு சாயப்பட்டறை. கடைசியில், தைத்த இடம் என்று ஒரு பெரிய கட்டடத்தின் படம். வாசலில் புல்தரை, கொடிக்கம்பம், கண்ணாடிக் கதவு. அது தேனி அல்லிநகரத்தில் இருக்கிற ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி.

"இங்கனயாம்மா நீ வேலை பாக்குற?" என்று மகள் கேட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டாள், குசும்பு.

நான் வேலை பார்த்தது அனுமந்தன்பட்டியில், திராட்சைத் தோட்டங்களை ஒட்டி, முன்பு உர மூட்டை அடுக்கியிருந்த ஒரு கோடவுனில். தகரக் கூரை. உர வாடை சுவரை விட்டுப் போகவே இல்லை. மழை பெய்தால் புதிதாக மூட்டை இறக்கினது மாதிரி எழும்பும். அல்லிநகரத்துக் கம்பெனி எடுக்கிற ஆர்டரில் அவர்களால் முடிக்க முடியாததை, வெட்டிய துணியாக வேனில் ஏற்றி எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் தைத்து, பட்டன் வைத்து, பிசிறு வெட்டித் திருப்பி அனுப்புவோம். நடுவில் நின்றவர் எங்கள் ஊர்க்காரரே, காண்ட்ராக்டர் அண்ணன் என்போம். இப்படி ஒரு கோடவுன் இருப்பது சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நாங்கள் இல்லை என்று சொல்கிற லேபிளை நாங்களே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தோம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

ஆனால் தப்பு என்று ஒன்று நடந்துவிட்டால் மட்டும் எங்களைக் கண்டுபிடிக்க யாருக்கும் சிரமமே இருந்ததில்லை. எங்கள் கோடவுனில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருத்தியும் தான் முடித்த சட்டைக் கட்டைத் தனக்கென்று வைத்திருக்கிற நிறத்து நூலால் கட்டிப் போடுவாள். என்னுடையது வாடாமல்லி நிறம். அல்லிநகரத்தில் செக்கிங்கில் ஒரு தையல் கோணலாகத் தெரிந்தால் போதும், நூலைப் பார்த்து, மறுநாள் காலையில் அந்தச் சட்டை என் மிஷின் மேலேயே வந்து விழுந்து கிடக்கும். தப்புக்கு மேலேயிருந்து கீழே வர வழி நன்றாகத் தெரியும். கீழேயிருந்து மேலே போகத்தான் எதற்கும் வழி இல்லை. இதை நான் என் மதினியின் விரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் தென்னை ஏறுகிறவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு கட்டிலோடு சரி. அந்த வீட்டில் சம்பாதிக்கிற கை மதினியுடையது மட்டும்தான். அவர் கோடவுனில் பிரஸ் பட்டன் அடிக்கிற மிஷினில் இருந்தார். விரல் உள்ளே போகாமல் தடுக்கிற கம்பி ஒன்று அந்த மிஷினில் உண்டு. அது கழன்று விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது. சொன்னோம். இந்த ஆர்டர் முடியட்டும் என்றார்கள். எந்த ஆர்டர் முடிந்து எந்த ஆர்டர் தொடங்கியது என்று எங்களுக்குத் தெரிந்ததே இல்லை. தை மாதத்தில் ஒரு மத்தியானம் மதினியின் இடது கை ஆள்காட்டி விரல் பட்டனோடு சேர்ந்து நசுங்கியது.

காண்ட்ராக்டர் அண்ணன் தன்னுடைய பைக்கிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் பின்னால் உட்கார்ந்து மதினியைப் பிடித்துக்கொண்டேன். வழி முழுக்க அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"கேட்டாகன்னா, வீட்டுக் கதவுல நசுங்கிருச்சுன்னு சொல்லு ஆத்தா. கோடவுன்னு சொன்னா கோடவுனே இருக்காது."

மதினி அப்படியே சொன்னார். கட்டுப் போட்டார்கள், ஊசி போட்டார்கள், புண் ஆறியது. விரல் மடங்கவில்லை. குச்சி மாதிரி நேராக நின்றுவிட்டது. தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் நல்ல விதமாகத்தான் பேசினார்.

"ஆபரேஷன் நாங்க பண்ணிருவோம்மா. அதுக்குக் காசு வேண்டாம். ஆனா அதுக்கப்புறம் சில மாசம் அந்தக் கையால ஒரு வேலையும் பார்க்கக் கூடாது. தினமும் இங்க வந்து விரலுக்குப் பயிற்சி எடுக்கணும். இல்லைன்னா பண்ணியும் வீண். ஆடிக்குள்ள வந்துருங்க, அதுக்கு மேல மூட்டு இறுகிப்போயிரும்."

ஆபரேஷனுக்கு மதினி பயப்படவில்லை. அதற்குப் பிறகு சும்மா இருக்க வேண்டும் என்றதற்குத்தான் பயந்தார். சும்மா இருந்தால் அண்ணனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் யார் உலை வைப்பது? கம்பெனி ஆள் என்று பதிவு இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு, வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கிற நாளுக்கும் சம்பளத்தில் பெரும் பங்கு வந்துவிடும். ஆக, அந்த விரல் மடங்குவதும் மடங்காததும் ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றது. மதினி யாருடைய ஆள்?

காண்ட்ராக்டர் அண்ணனைக் கேட்டால், "நான் என்ன மில்லு முதலாளியா? உங்களை மாதிரி நானும் கூலிதான்" என்றார். அது பொய்யும் இல்லை. அல்லிநகரத்துக்குப் போனோம். வாசலில் நிற்கவைத்து, பிறகு உள்ளே விட்டார்கள். ஆபீசில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "உங்க பேரு எங்ககிட்ட இல்லையேம்மா" என்றார். அதுவும் பொய் இல்லை. ஒருத்தரும் பொய் சொல்லாமலே மதினியை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடிக் கதவை ஓங்கிச் சாத்தினேன். அது தானாக மெதுவாகச் சாத்திக்கொள்கிற கதவு. அதைக்கூட ஓங்கிச் சாத்த முடியவில்லை.

மதினி கட்டுப் பிரித்ததும் வேலைக்கு வந்துவிட்டார். மிஷினில் உட்கார முடியாது. துணியை இடது உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு வலது கையால் பிசிறு நூல் வெட்டினார். அந்த வேலைக்குக் கூலி குறைவு. எங்கள் ஊர் அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாகவும், வீரபாண்டிக் கோயிலுக்குப் போய் வெள்ளியில் கை உருவம் வாங்கிப் போடுவதாகவும் நேர்ந்துகொண்டார். அம்மனிடம் பதிவு கேட்பதில்லை அல்லவா.

பங்குனியில் ஊரில் திருவிழா சாட்டியது. அந்த வாரம்தான் காண்ட்ராக்டர் அண்ணன் வந்து, எல்லோரையும் மிஷினை நிறுத்தச் சொன்னார்.

"ஆடிட்டு வாராக. சட்டை வாங்குற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்புற ஆளுக. அல்லிநகரத்துல ஒரு லைன் ஆளில்லாம காலியாக் கெடக்கு. நம்ம புள்ளைகதான் போயி ஒரு நாளு உக்காரணும்."

ஆளில்லாத மிஷினைப் பார்த்தால், அப்படியானால் இத்தனை சட்டையை எங்கே தைத்தாய் என்ற கேள்வி வரும். அதற்காகத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காயையே வேனில் வந்து சோற்றுக்குள் உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஒரு சிக்கல் இருந்தது. கோடவுனில் பாதிப் பேர் முளைப்பாரியோ, மதினி மாதிரி தீச்சட்டியோ எடுக்கிறவர்கள். எல்லோர் இடது மணிக்கட்டிலும் மஞ்சள் நூலில் காப்பு. காப்புக் கட்டிவிட்டால் கவுச்சி கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும்.

"காப்ப மட்டும் ஒரு நாளைக்கு அவுத்து வச்சுட்டு வாங்களேன்" என்றார் காண்ட்ராக்டர் அண்ணன்.

"நீங்க மீசைய எடுத்துட்டு வாங்கண்ணே, நாங்க காப்ப அவுக்குறோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கை தன்னால் மீசைக்குப் போனது. கடைசியில், கம்பெனியே முழுக்கை வைத்த நீல கோட்டுக் கொடுக்கும், அதற்குள் காப்பு மறைந்துவிடும் என்று முடிவாயிற்று. சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் கொண்டுவந்து விடுவதாக அம்மன் பேரில் சத்தியம் செய்தார்.

மதினியை வரவேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். மதினி விடவில்லை. "ஆளு பத்தலன்னு நீங்கதான சொல்றீக. வெரலத் துணிக்கு அடியில வச்சுக்கிறேன். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். காண்ட்ராக்டர் அண்ணன் ரொம்ப யோசித்து, சரி என்றார். வீட்டுக்கு நடக்கும்போது மதினி என் காதருகே வந்தார்.

"ஏத்தா, வாரவுக கிட்ட நான் சொல்லப் போறேன்."

"என்னத்த மதினி?"

"எல்லாத்தையும். இப்பிடி ஒரு கோடவுன் இருக்கு, நான் இன்னாரு, அவுக சட்டைக்குப் பட்டன் வைக்கயிலதான் வெரலு போச்சுன்னு. அவுக கேட்டா கம்பெனி மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அந்த லேபிளை நானும் நம்பினேன். பஞ்சு விளைந்த காடு வரைக்கும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், பட்டன் வைத்த விரலைப் பற்றிக் கேட்டால் காதை மூடிக்கொள்வார்களா என்ன.

அல்லிநகரத்துக் கம்பெனிக்குள் அடி வைத்ததும் குளுகுளுவென்று இருந்தது. குடிக்கத் தண்ணீர் ஒரு பக்கம், சுவரில் முதலுதவிப் பெட்டி ஒரு பக்கம். மதினி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து, மருந்தையும் பஞ்சையும் தொட்டுவிட்டு மூடினார். எங்கள் கோடவுனில் அந்த இடத்தில் ஒரு பாட்டிலில் மஞ்சள்தூள் இருந்தது. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் பாடம் எடுத்தார். இங்கே எத்தனை வருஷமாக வேலை, கேண்டீனில் என்ன போடுகிறார்கள், கக்கூஸ் எந்தப் பக்கம். கடைசிக் கேள்விக்கு எல்லோரும் சரியாகப் பதில் சொன்னோம். நிஜமாகவே அவசரம் வந்தபோது எங்களில் ஒருத்தி நேரே போய் நூல் ஸ்டோருக்குள் நுழைந்தாள். அந்தக் கம்பெனியின் சொந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவர்களே கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள்.

ஆடிட்டர் வருவதற்கு முன்னால் கம்பெனி ஆள் ஒருவர் கேமராவோடு வந்தார். மிஷினில் உட்கார்ந்த எங்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அப்போது காண்ட்ராக்டர் அண்ணன் வாசலில் நின்று மதினியைப் பார்த்துத் தன் ஆள்காட்டி விரலை ஆட்டிக் காட்டினார். மதினி உடனே இடது கையைச் சட்டைத் துணிக்கு அடியில் விட்டுக்கொண்டார். இப்போதே விரல் தெரிந்து வெளியே அனுப்பிவிட்டால், ஆடிட்டரைப் பார்க்காமலே போய்விட வேண்டியதுதான். கையை மறைத்துக்கொண்டு படத்துக்கு நன்றாகவே சிரித்தார். வெகு நாள் கழித்து அவர் அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆடிட்டர் தமிழ் பேசுகிற ஒரு அம்மாள். கான்வாஸ் ஷூ போட்டிருந்தார், தோளில் ஒரு பை. காலையில் பாய்லரைப் பார்த்தார், கேண்டீனைப் பார்த்தார், தீயணைக்கிற சிலிண்டரைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் ரூமுக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. எங்கள் லைனுக்கு வரவே இல்லை. வெயில் ஜன்னலில் இறங்கிக்கொண்டே போனது. மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டால் தேனியிலிருந்து எங்கள் ஊருக்கு விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர முடியாது.

யார் முதலில் எழுந்தது என்று இன்று வரைக்கும் ஊரில் சண்டை நடக்கிறது. எல்லோரும்தான் எழுந்தோம். கோட்டைக் கழற்றி மிஷின் மேல் போட்டோம், தூக்குவாளியை எடுத்தோம், வாசலைப் பார்த்து நடந்தோம். சூப்பர்வைசர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். "சாமி குத்தம் ஆயிரும், விடுங்க" என்று அவரைச் சுற்றிக்கொண்டு போனோம். அந்த நேரம் பார்த்து ஆடிட்டர் ஆபீஸ் ரூமிலிருந்து வெளியே வந்தார்.

"ஏன், இந்த லைன் மட்டும் போறாங்க?" என்று கேட்டார். யாரோ ஷிப்ட் முடிந்துவிட்டது என்றார்கள். அவர் கண் எங்கள் மணிக்கட்டில் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது. "காப்புக் கட்டியிருக்கீங்களா? எந்த ஊர்லம்மா திருவிழா?"

திருவிழா எங்கே என்று ஒருவர் கேட்டால், வாங்க என்று கூப்பிடாமல் வாயை மூடிக்கொண்டு போகிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. முன்னால் நின்றவள் சொல்லிவிட்டாள்.

"அனுமந்தன்பட்டிம்மா. வாற செவ்வாக்கெழம தீச்சட்டி, புதன்கெழம முளப்பாரி. அவசியம் வந்துட்டுப் போங்க. நம்ம வீட்லயே சாப்பிடலாம்."

"எல்லாருக்கும் அந்த ஊர்தானா?"

"ஆமாம்மா, எல்லாரும் ஒரே ஊருதான். எங்க கோடவுனுக்குப் பக்கத்துலதான் கோயிலு."

சொன்ன பிறகுதான் சொன்னவளுக்கே உறைத்தது. காலையிலிருந்து படித்த பாடமெல்லாம் ஒரு விருந்து அழைப்பில் போயிற்று. "எந்தக் கோடவுன்?" என்று ஆடிட்டர் மெதுவாகக் கேட்டார். காண்ட்ராக்டர் அண்ணன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அப்போதுதான் மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், இடது கையை நீட்டினார்.

ஆடிட்டர் எங்கள் இரண்டு பேரையும் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். கம்பெனி ஆட்களைக் கிட்டே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தம்மாள் நல்லவர். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். மதினி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கழன்று விழுந்த கம்பி, கதவில் நசுங்கியதாகச் சொன்னது, டாக்டர் சொன்ன ஆடி மாதம், எல்லாம். நடுவில் ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டு அந்த விரலைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. முடித்ததும் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. உங்க பேரு எங்கயும் வராது. நான் வரவே விடமாட்டேன்."

மதினிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பேரு வரணும்மா. அதுக்குத்தான வந்தேன்."

"இல்லம்மா, பேரு போட்டா உங்களுக்குத் தொந்தரவு குடுப்பாங்க. அது எங்க ரூல். உங்க பாதுகாப்புக்குத்தான்."

"எங்ககிட்ட பேரு இல்ல, பேரு இல்லன்னுதானம்மா தொரத்துறாக. நீங்களும் எழுதலைன்னா எப்பிடி?"

மதினி தன் பேரைச் சொன்னார். புருஷன் பேரைச் சொன்னார். தெருவைச் சொன்னார், கோயிலுக்கு எத்தனாவது வீடு என்று சொன்னார். எழுதிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பேனாவை எடுக்கவில்லை. போகும்போது தன் போன் நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

வேன் உத்தமபாளையம் தாண்டும்போதே இருட்டிவிட்டது. ஊர் எல்லையில் இறங்கி, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு, தெரியாமல் நடந்துவிட்டது தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கோயிலில் விளக்கு வைத்து மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மதினி மட்டும் எல்லைக்கல் பக்கத்திலேயே நின்றிருந்தார், கூப்பிட்ட பிறகுதான் வந்தார். செவ்வாய்க்கிழமை தீச்சட்டி எடுத்தார். மடங்காத விரல் சட்டியில் படாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

சித்திரை முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனி, தன் சட்டையை இனிமேல் வெளியே எந்த இடத்திலும் தைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அல்லிநகரத்துக் கம்பெனி, தனக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று வருத்தம் தெரிவித்துக்கொண்டது. அதற்கு ஆர்டர் நிற்கவில்லை. எங்கள் கோடவுனில் மிஷின்களை லாரியில் ஏற்றினார்கள். காண்ட்ராக்டர் அண்ணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் போன மதினியிடம் அவர் கோபப்படக்கூட இல்லை.

"உண்மையச் சொல்லிட்டீகள்ல ஆத்தா. இனி உண்மை வந்து சோறு போடட்டும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். வேலை போன பெண்கள் கம்பெனியைத் திட்டவில்லை, மதினியைத் திட்டினார்கள். குழாயடியில் இவர் குடத்தை வைத்தால் அவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். காப்பு நாளில் கூடப் பேசிச் சிரித்தவர்கள்தான். எனக்கு அவர்களை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவர்கள் வீட்டு அடுப்பும் அணைந்துதானே கிடந்தது.

மதினி அந்த நம்பருக்குப் போன் செய்யச் சொன்னார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். ஆடிட்டர் அம்மாளுக்கு ஞாபகம் இருந்தது. "நீங்க சொன்னது எல்லாம் ரிப்போர்ட்ல போயிருச்சும்மா. நடவடிக்கையும் எடுத்துட்டாங்க. அந்த யூனிட்ட நீக்கிட்டாங்க" என்றார். நல்ல செய்தி சொல்கிற குரல்தான்.

"என் வெரலும்மா?" என்று மதினி கேட்டார்.

"பேர் இல்லாமத்தானம்மா எழுத முடிஞ்சது. ஒருத்தரோட சிகிச்சைக்கு நாங்க எதுவும் செய்ய முடியாது. மன்னிச்சுக்கோங்க" என்றார். பஞ்சுக் காட்டிலிருந்து சட்டைக் கடை வரைக்கும் அந்தச் சங்கிலி முழுக்கத் தேடினாலும் மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆடி வந்தது, போனது. நான் இப்போது விடியுமுன் ஜீப் ஏறி, கூடலூர் வழியாகக் குமுளி மலை ஏறி, ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். மதினியையும் ஒருநாள் கூட்டிப் போனேன். செடியின் அடியில் உட்கார்ந்து காயைக் கிள்ள இரண்டு கை விரலும் வேண்டும். மேஸ்திரி மலையாளமும் தமிழும் கலந்து, நாளைக்கு வேண்டாம் சேச்சி என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு அவர் ஊரிலேயே திராட்சைப் பெட்டி சுமக்கிறார். சுமக்க விரல் மடங்க வேண்டியதில்லை.

ஜீப்புக்கு நிற்கும்போது ஒருநாள், பெட்டி சுமக்க அந்த வழியாகப் போன மதினியிடம், அந்தக் கம்பெனி விளங்காமல் போகட்டும் என்று வயிறெரிந்து சொன்னேன். மதினி தலையை ஆட்டினார். "காப்பு கட்டிக்கிட்டு விளக்கு வச்ச பொறவு எல்லைக்குள்ள வந்தேன்ல. அதான் அம்மன் கை விட்டுருச்சு" என்றார். தப்புக்குத்தான் கீழே வர வழி தெரியுமே. அது வந்து சேர்ந்துவிட்டது.

கார்த்திகையில் வீடு கூட்டும்போது மகள் அந்தப் பழைய லேபிளைக் கண்டெடுத்தாள். சும்மா போனைப் பிடித்துப் பார்த்தவள், "அம்மா, இங்க வா" என்றாள். பக்கத்தை மாற்றியிருந்தார்கள். இந்தச் சட்டை முழுக்க முழுக்க எங்கள் சொந்தக் கட்டடத்திலேயே தைக்கப்படுகிறது என்று இங்கிலீஷில் போட்டிருந்ததை மகள் படித்துச் சொன்னாள். இப்போது அது உண்மைதான். அதற்குக் கீழே, உங்கள் சட்டையைத் தைப்பவர்கள் என்று ஒரு படம். நீல கோட்டுப் போட்ட பெண்கள் மிஷினுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கம்பெனியில் ஒருநாள்கூட வேலை பார்க்காத நாங்கள். நடுவில் மதினி, சிரித்துக்கொண்டு.

மதினியிடம் காட்டினால் அழுவார் என்று நினைத்தேன். அவர் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். "இனி எப்பிடி இல்லங்கிறாகன்னு பாப்போம்" என்றார். மூன்று பேருமாக அல்லிநகரத்துக்குப் பஸ் ஏறினோம். அதே ஆபீஸ், அதே ஆள். மகளின் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். படத்தையும் பார்த்தார், மதினியையும் பார்த்தார்.

"நீங்கதாம்மா, சரி. போட்டோ எடுத்த அன்னைக்கு வந்திருக்கீங்க. அதுக்காக இங்க வேலை பார்த்தீங்கன்னு ஆயிருமா?"

"அப்ப எதுக்குய்யா என் மூஞ்சியப் போட்டிருக்கீக?"

"அது வெளிநாட்டுல சட்டை வாங்குறவங்க பாக்குறதுக்கும்மா."

நான் சத்தம் போட்டேன். வாட்ச்மேன் வந்தார். மதினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. வீரபாண்டி தாண்டும்போது மதினி மகளிடம் அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். கைப்பக்கம் பெரிசாக்கு என்றார். மகள் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். கோட்டின் கை கொஞ்சம் மேலே ஏறி, மணிக்கட்டில் காப்பின் மஞ்சள் நூல் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே சட்டைத் துணி மட்டும்தான் இருந்தது. மகள் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள்.

"விரலை மட்டும் மறைச்சுட்டாங்க பாருங்கத்தை" என்றாள்.

"அவுக மறைக்கலத்தா" என்றார் மதினி. "நான்தான மறச்சேன்."